வளையும் பீங்கான், வெப்பம் சொல்லும் ஒளி

பீங்கான் என்றாலே கைதவறினால் உடைவது என்ற எண்ணம் ஊறிப்போயிருப்பதால், துணியைப் போல மடங்கும் பீங்கானும் உண்டு, அது தன்மேல் ஏறும் வெப்பத்தைத் தன் ஒளியாலேயே அறிவிக்கும் என்பது எளிதில் நம்பக்கூடியதாகத் தோன்றாது. ஆனால் நொறுங்கும் இயல்பு பொருளை மட்டும் அல்லாமல் தடிமனையும் சார்ந்தது. எதை வளைத்தாலும் அதன் வெளிப்புறம் இழுபட்டு நீள்கிறது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள பீங்கான் இழையை 1 மில்லிமீட்டர் ஆரத்துக்கு வளைத்தால் அந்த நீட்சி 0.05 விழுக்காடுதான் என்பதால் இழை தாங்கிக்கொள்கிறது. 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டை அவ்வாறு வளைக்க 50 விழுக்காடு நீட்சி தேவைப்படும் என்பதால், அதற்கு வெகு முன்னரே தகடு உடைந்துவிடுகிறது.

இத்தகைய இழையை உருவாக்கும் முறை, தருமபுரி பட்டுக்கூடு அங்காடியை அறிந்தவர்களுக்குப் புதிராக இராது. பட்டுப்புழு தன் உடலில் கூழாக இருக்கும் புரதத்தை இழுத்து நூலாக்குவது போல, இங்கு இட்ரியம் உப்பும் சிறிதளவு எர்பியம் உப்பும் கலந்த பாலிமர் கரைசலை ஊசிமுனையில் நிறுத்தி, பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால், மின்விசையால் இழுபட்ட கரைசல் பட்டிழையினும் பன்மடங்கு மெல்லிய இழையாக நீண்டு, எதிரில் உள்ள தகட்டில் பஞ்சுப் பாய் போலப் படிகிறது. அதனை உலையில் சுட்டால் பாலிமர் எரிந்துபோக, பீங்கானாகிய ஆக்சைடு மட்டும் எஞ்சும். இந்தச் சூட்டில்தான் கைப்பக்குவம் வேண்டும். வெப்பம் மிகுந்தால் உள்ளிருக்கும் படிகத் துகள்கள் பருத்து, இழை முறுகிப் பொடிந்துவிடும்.

எர்பியம், அருமண் தனிமங்கள் எனப்படும் குடும்பத்தைச் சேர்ந்தது. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை இழைகளின்மேல் பாய்ச்சினால், எர்பியம் அதனை உறிஞ்சி, 525, 545 நானோமீட்டர் அலைநீளங்களை ஒட்டி இரு பச்சைப் பட்டைகளாக ஒளிர்கிறது. வெப்பம் ஏற ஏற, முதல் பட்டையின் பங்கு கூடுகிறது. இவ்விரண்டின் விகிதமே வெப்பநிலைக் கணக்கு என்பதால், அகச்சிவப்பு ஒளி பாய்ச்சும் விளக்கு சற்று மங்கினாலும் கணக்குப் பிசகாது. வெப்பநிலை அளக்கும் வழக்கமான கருவியான வெப்ப மின்னிரட்டைக்கு வேண்டிய கம்பி இணைப்பும் தேவையில்லை.

ஆயினும் 1000 பாகை செல்சியசைத் தாண்டும்போது, பொருள் தானே செம்மஞ்சளாகத் தகித்து, எர்பியத்தின் பச்சையை மூழ்கடிக்கத் தொடங்கும். அந்தத் தகிப்பில் நீல ஒளி குறைவு என்பதால், நீலத்தில் ஒளிரும் டிஸ்ப்ரோசியம் என்ற மற்றோர் அருமண் தனிமத்தை இட்ரியம் அலுமினியம் கார்னெட் என்ற பீங்கானில் கலந்து, 1400 பாகைக்கு மேலும் அளக்கின்றனர். இதே டிஸ்ப்ரோசியம், இந்திய அணுமின் நிலையப் பணியாளர்கள் சட்டையில் அணியும் கதிர்வீச்சு அட்டையிலும், டெஃப்லான் வட்டுக்குள் கால்சியம் சல்பேட்டோடு கலந்து இருக்கிறது. அங்கே வட்டைச் சூடாக்கி, வெளிப்படும் ஒளியைக் கொண்டு கதிர்வீச்சை அளக்கின்றனர். இங்கோ ஒளியைக் கொண்டு சூட்டையே அளக்கின்றனர்.

இந்த அருமண்கள் எங்கே கிடைக்கும் என்று பார்த்தால், தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல்லில், ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகள் பழமையான கார்பனடைட் பாறைகள் உள்ளன. உலகின் பெயர்பெற்ற அருமண் சுரங்கங்கள் சில, கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் உட்பட, இவ்வகைப் பாறையில் அமைந்தவை. அதை வைத்து இந்த இழைகளுக்கான மூலப்பொருள் காவிரிக்கரையிலேயே கிடைக்கும் என்று கணக்குப் போடுவது அவசரம். கார்பனடைட்டில் பெரும்பாலும் சேர்வன லாந்தனம், சீரியம் போன்ற எடை குறைந்த அருமண்கள். இட்ரியமும் எர்பியமும் டிஸ்ப்ரோசியமும் உலகச் சந்தைக்கு வருவது பெரிதும் தென்சீனாவிலும் மியன்மாரிலும் உள்ள களிமண் படிவுகளிலிருந்துதான்.