விடுமுறைக்கு வாடகை பங்களா: குடும்பமாய்ப் புறப்படுமுன்

ஏப்ரல், மே மாதங்களில் புனேவிலுள்ள தமிழர் வீடுகளில் படுக்க இடமிராது. நாகர்கோவிலிலிருந்து மும்பை செல்லும் ரயிலில் தாத்தாவும் பாட்டியும் வந்து இறங்குவார்கள். பின்னாலேயே அத்தை பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். கட்கியிலும் தேஹு ரோட்டிலும் பிம்பிரியிலும் இரண்டு அறை வீட்டில் பத்துப்பேர் தங்குவது நமக்குப் புதிதல்ல. முதல் வாரம் சந்தோஷமாய்க் கழியும். இரண்டாம் வாரத்தில் பிள்ளைகள் "இமேஜிக்கா" என்று கேட்க ஆரம்பிப்பார்கள். அப்பொழுது குடும்பத்தலைவர், "லோனாவாலாவில் ஒரு பங்களா எடுத்து இரண்டு நாள் இருந்துவிட்டு வருவோம்" என்று கைப்பேசியைத் திறப்பார்.

நமது சபையைச் சேர்ந்த ஒரு சகோதரரும் அப்படியே திறந்தார். அழகான படங்களுடன் ஒரு விளம்பரம், பாதி வாடகை, இனிமையாய்ப் பேசிய ஒரு குரல். முன்பணமாகப் பன்னிரண்டாயிரம் ரூபாயை யு.பி.ஐ. மூலம் அனுப்பிவிட்டு, ஒன்பது பேருடன் போய் நின்றார். படத்தில் இருந்த வீடு உண்மையாகவே அங்கே இருந்தது. ஆனால் அதன் சொந்தக்காரர் அதில் குடியிருந்தார். வாடகை விளம்பரம் எதையும் அவர் அறியார். அன்று மாலைவரை ரயில் நிலையத்தில் பெட்டிகளுடன் உட்கார்ந்திருந்து, லோக்கல் ரயிலில் திரும்பி வந்தார்கள். அவருடைய மாமியாருக்கு வயது எழுபத்திரண்டு. பணம் போனதைவிட அந்தத் தாயாரின் முகத்தைப் பார்க்கக் கூடாமற்போனதே தமக்குப் பெரிய வேதனை என்று அவர் என்னிடம் சொன்னார்.

ஆகவே முதலாவது கவனிக்க வேண்டியது முன்பணம். வீட்டை நேரில் பார்க்காமல் பெருந்தொகை அனுப்பாதிருங்கள். நாம் புனேவில் இருக்கிறோம். லோனாவாலா சுமார் 65 கிலோமீட்டர்தான். சிவாஜி நகரிலோ கட்கியிலோ லோக்கல் ரயில் ஏறினால் ஒரே காலையில் பார்த்துவிட்டுத் திரும்பலாம். சென்னையிலிருந்து வருகிறவருக்கு இல்லாத இந்த வசதியை நாம் ஏன் விட்டுவிட வேண்டும்? போக முடியாவிட்டால் பதிவுபெற்ற பெரிய தளங்களின் வழியாகவே பணம் செலுத்துங்கள். "தளத்தை விட்டு எனக்கு நேராக அனுப்பினால் குறைத்துத் தருகிறேன்" என்பவரிடத்தில் எச்சரிக்கை வேண்டும். ஏமாந்துவிட்டதாக அறிந்தவுடன் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. தாமதித்தால் பணம் கைமாறிக்கொண்டே போகும். டெக்கான் குயின் ரயில் ஓடத் தொடங்கிய ஆண்டும் 1930தான், புனேவாசிகளுக்கு மறக்காது.

அடுத்தது இடம். இமேஜிக்கா லோனாவாலாவில் இருக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது மலைக்குக் கீழே, ராய்கட் மாவட்டத்தில், கோபோலியிலிருந்து பாலி செல்லும் சாலையில் இருக்கிறது. லோனாவாலாவில் தங்கினால் காலையில் மலைச்சரிவில் இறங்கி, மாலையில் களைத்த பிள்ளைகளுடன் மறுபடியும் ஏறவேண்டும். சனி, ஞாயிறுகளில் அந்த மலைச்சாலையில் வாகனங்கள் மணிக்கணக்கில் நின்றுவிடுவதும் உண்டு. இமேஜிக்காவே நோக்கமென்றால் கோபோலிப் பக்கம் தங்குவது நலம். பெரியவர்களுக்குக் குளிர்ந்த காற்றும், சிறுவர்களுக்கு ஒரு நீர்விளையாட்டுப் பூங்காவும் போதுமென்றால் லோனாவாலாவே தகும். அங்கே வெட் அண்ட் ஜாய் பூங்கா அருகிலிருக்கிறது. முதியவர் எவரும் இல்லாத சிறு குடும்பத்துக்கு வாடகை வீடே வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். புனேவிலிருந்து இமேஜிக்கா ஏறக்குறைய 90 கிலோமீட்டர். அதிகாலையில் புறப்பட்டால் இரவில் வீடு திரும்பலாம். இருசக்கர வாகனங்களுக்கு விரைவுச்சாலையில் அனுமதியில்லை, பழைய சாலை வழியாகவே போகவேண்டும்.

2013-ல் திறக்கப்பட்ட இமேஜிக்காவில் 'நைட்ரோ' என்னும் ரோலர் கோஸ்டர் சுமார் 130 அடி உயரம். இப்படிப்பட்டவற்றில் பிள்ளையின் வயதையல்ல, உயரத்தையே அளந்து ஏற்றுவார்கள். வீட்டிலேயே சுவரில் அளந்து பார்த்து, "உனக்கு இது கிடையாது" என்று முன்பே சொல்லிவிட்டால் அங்கே அழுகை இராது. இருதய நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களும் கர்ப்பவதிகளும் கீழே நிற்பதே நல்லது. நீர்ப்பூங்காக்களில் பருத்தி உடையுடன் இறங்க விடமாட்டார்கள். நைலான் உடை வேண்டும். நமது சகோதரிகள் அங்கே போய்த் தர்மசங்கடப்படாமல், கை கால் மூடிய நைலான் உடையை முன்னதாகவே வாங்கிக்கொள்ளலாம். கட்டுச்சோற்றையும் உள்ளே அனுமதிப்பதில்லை. அதற்கான செலவையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

பங்களா என்றாலே நீச்சல்குளம் என்றாகிவிட்டது. இதைக்குறித்து நான் சற்று வற்புறுத்திச் சொல்ல வேண்டியதாயிருக்கிறது. பெரியவர்கள் சாமான்களை இறக்கிக்கொண்டிருக்கும் முதல் அரைமணி நேரமே அபாயமானது. குழந்தை புது வீட்டைச் சுற்றிப்பார்க்க ஓடும். தண்ணீரில் விழுகிற குழந்தை சத்தமிடாது. புது வீடு கட்டுகிறவன் ஒருவரும் விழாதபடி மாடிக்குக் கைப்பிடிச்சுவர் வைக்கவேண்டுமென்று உபாகமம் 22-ம் அதிகாரத்தில் கட்டளை இருக்கிறது. குளத்தைச் சுற்றி வேலியும் பூட்டும் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால், சிறு குழந்தைகள் உள்ளவர்கள் வேறு வீடு பாருங்கள். வேலி இருந்தாலும் ஒருவரைப் பெயர்சொல்லிக் காவலுக்கு வையுங்கள். "எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் ஒருவரும் பார்ப்பதில்லை.

மழைக்காலம் இன்னொரு காரியம். நாகர்கோவிலிலோ தூத்துக்குடியிலோ இருந்து வருகிறவர்களுக்கு மேற்குமலை மழையின் தன்மை தெரியாது. 2024 ஜூன் 30 அன்று, ஞாயிற்றுக்கிழமை, பூஷி அணைக்குப் பின்புறமுள்ள அருவியில் நின்றிருந்த புனேயைச் சேர்ந்த ஒரே குடும்பத்தினரை வெள்ளம் அடித்துக்கொண்டுபோயிற்று. ஒரு பெண்ணும் நான்கு பிள்ளைகளுமாக ஐவர் மாண்டார்கள். அவர்கள் ஆழத்தில் இறங்கவில்லை, பாறையில்தான் நின்றார்கள். மலைமேல் பெய்த மழை சில நிமிடங்களில் கீழே வந்துவிட்டது. 2025 ஜூன் 15 அன்று தளேகாவ் அருகே குண்டமளாவில் இந்திராயணி ஆற்றின் பழைய இரும்புப் பாலம், பார்வையாளர் கூட்டத்தோடு இடிந்து விழுந்து நால்வர் இறந்தார்கள். அதுவும் ஞாயிற்றுக்கிழமையே. மழைநாட்களில் ஆட்சியர் தடையுத்தரவு போடுவதுண்டு. போகுமுன் செய்தித்தாளைப் பாருங்கள். மழைக்காலத்தில் பங்களா எடுப்பவர்கள் வீட்டு வராந்தாவிலிருந்து மழையைப் பார்த்தால் போதுமானது.

வாடகை பேசும்போது எத்தனை பேர் என்பதை உள்ளபடியே சொல்லுங்கள். எட்டுப்பேர் என்று பேசிவிட்டுப் பதினைந்து பேர் போய் இறங்கி, வாசலில் வாக்குவாதம் செய்வது நமக்கு அழகல்ல. சமையலறையில் கேஸ் உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா, அசைவம் சமைக்கலாமா, மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் உண்டா, தரைத்தளத்தில் பெரியவர்களுக்குக் கழிப்பறையோடு அறை உண்டா என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மூட்டுவலியுள்ள பாட்டி இரண்டு நாளும் சோபாவில் படுக்கிறார். இரவு பத்துமணிக்குமேல் வெளியே ஒலிபெருக்கி வைப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. குடும்ப ஜெபத்தைத் தாராளமாய் நடத்துங்கள், ஆனால் டோலக்கைச் சற்று முன்னதாகவே கீழே வைத்துவிடுங்கள்.

திங்கள் முதல் வியாழன்வரை வாடகை பெரும்பாலும் குறைவு, ஆராதனையும் தப்பாது. உள்ளே நுழைந்தவுடன் உடைந்த கண்ணாடி, கீறிய மேசை எல்லாவற்றையும் கைப்பேசியில் படமெடுத்து, அன்றே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். புறப்படும்போது டெபாசிட் பணத்தில் பிடித்தம் செய்ய வந்தால் அந்தப் படங்களே பேசும். காவலாளிக்கும் அவர் மனைவிக்கும் உங்களால் இயன்றதைக் கையில் கொடுங்கள். பெரும்பாலும் அவர்களும் பிழைக்க வந்த இடத்தில்தான் இருக்கிறார்கள்.