ஐதரோகாபன் பெயரின் கடைசிப் பகுதி

மாணவர்களே, எதேன், எதீன், எதைன் மூன்றிலும் உள்ள காபன் அணுக்கள் 2 தான். பெயரின் முற்பகுதியான ‘எத்’ அதையே கூறுகிறது. (‘மெத்’ 1, ‘புரொப்’ 3, ‘பியூற்’ 4.) பிற்பகுதி பிணைப்பைக் கூறும். காபன்களுக்கிடையே ஒற்றைப் பிணைப்பு மட்டும் இருப்பின் ‘ஏன்’, இரட்டைப் பிணைப்பு இருப்பின் ‘ஈன்’, மும்மைப் பிணைப்பு இருப்பின் ‘ஐன்’.

காபனின் வலுவளவு 4. ஆகவே காபன்களுக்கிடையே பிணைப்பு ஒன்று கூடும்போது ஐதரசன் இரண்டு குறையும்: எதேனில் 6, எதீனில் 4, எதைனில் 2. விடை எழுதியபின் ஐதரசனை எண்ணிச் சரிபாருங்கள். ஓர் எழுத்து மாறினால் சேர்வையே மாறிவிடும். எதீனைப் பல்பகுதியமாக்கினால் பொலித்தீன் கிடைக்கும். எதேனை அவ்வாறு பல்பகுதியமாக்க முடியாது.

‘மெதீன்’ என்று எழுதுவோரும் உளர்! இரட்டைப் பிணைப்புக்கு ஆகக் குறைந்தது 2 காபன்கள் வேண்டுமல்லவா? அற்கீன்கள் எதீனிலிருந்தே ஆரம்பிக்கும்.