சிதறல் விளக்கப்படத்தில் விலகல் புள்ளி: கல்வராயன் மலையை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

இரு மாறிகளுக்கிடையிலான உறவைக் கண்முன் நிறுத்துவது சிதறல் விளக்கப்படம். திசை, வடிவம், வலிமை, விலகல் புள்ளி ஆகிய நான்கு கூறுகளால் அதனை விவரிப்பது அறிமுகநிலைப் புள்ளியியலின் மரபு. இவற்றுள் விலகல் புள்ளியைப் பிழையெனக் கருதி நீக்கும் போக்கு மாணவரிடையே உண்டு. அந்நீக்கம் முடிவையே மாற்றிவிடக் கூடும் என்பதைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் நிலஅமைப்பைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

களம்

2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்ட இம்மாவட்டம் கரும்பும் நெல்லும் விளையும் சமவெளியையும், மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சார்ந்த கல்வராயன் மலையையும் உடையது. சேலம் மாவட்டத்திலும் பரவியுள்ள இம்மலை, சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பகுதிகளாக வழங்குகிறது. மலையாளிப் பழங்குடியினர் இங்கு வாழ்கின்றனர்.

ஆறு புள்ளிகள்

1,000 மீட்டர் உயரத்திற்குச் சராசரியாக 6.5 பாகை செல்சியசு வெப்பநிலை குறையும் என்பது வளிமண்டலவியல் தரும் பொதுவீதம். அதனையொட்டி, விளக்கத்திற்காக மட்டும் அமைக்கப்பட்ட எண்கள் வருமாறு: 100, 110, 120, 130, 140 மீட்டர் உயரமுள்ள ஐந்து சமவெளி ஊர்களின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை முறையே 28.2, 28.6, 28.0, 28.5, 28.2 பாகை, 800 மீட்டர் உயரமுள்ள ஒரு மலையூரில் 23.9 பாகை.

உயரத்தைக் கிடையச்சிலும் வெப்பநிலையைச் செங்குத்தச்சிலும் குறித்தால், ஐந்து புள்ளிகள் இடப்புறம் நெருங்கிக் கிடக்கும். ஒன்று வலப்புறம் தாழ்ந்து தனித்து நிற்கும். அதனை நீக்கிக் கணக்கிட்டால் ஒட்டுறவுக் கெழு -0.06, உறவே இல்லை எனத் தோன்றும். சேர்த்துக் கணக்கிட்டால் -0.99.

இரு விளக்கப் பிழைகள்

மலையூரை நீக்கி, உயரத்திற்கும் வெப்பநிலைக்கும் தொடர்பில்லை என்பது முதற்பிழை. சமவெளி ஊர்களின் உயர வேறுபாடு 40 மீட்டர் மட்டுமே. அவ்வளவில் உறவு புலப்படாது. -0.99 என்பதைக் கொண்டே உறவு நேர்கோட்டு வடிவினது என்பது இரண்டாம் பிழை. 140 மீட்டருக்கும் 800 மீட்டருக்கும் இடையே புள்ளியே இல்லை. அங்கு வளைகோடும் பொருந்தக் கூடும். பிரான்சிசு ஆன்சுகோம் 1973இல் வெளியிட்ட நான்கு தரவுத்தொகுதிகளுள் ஒன்று இத்தகையதே. அதில் பத்துப் புள்ளிகள் ஒரே செங்குத்துக் கோட்டில் அமைய, பதினொன்றாம் புள்ளி ஒன்றே கெழுவை 0.82 அளவிற்கு உயர்த்துகிறது.

காரணம் கூறல்

உயரம் கூடக் காற்றழுத்தம் குறைந்து, மேலெழும் காற்று விரிந்து குளிர்கிறது. இக்காரணம் இயற்பியலிலிருந்து பெறப்பட்டது. படம் அதனைத் தருவதில்லை. செங்குத்தச்சில் வெப்பநிலைக்கு மாற்றாகப் பள்ளிப்படிப்பை வைத்து, அங்கும் புள்ளிகள் சரிந்தால், உயரமே கல்வியைக் குறைக்கிறது என எழுதுதல் பொருந்தாது. சாலை, பேருந்து, பள்ளியின் தொலைவு ஆகியன இடையே மறைமாறிகளாக நிற்கக் கூடும்.

முடிவுரை

விலகல் புள்ளியைக் கண்டதும் அளவீட்டுப் பிழை உண்டா எனச் சோதித்தல் வேண்டும். பிழையில்லையெனில், அதனைச் சேர்த்தும் நீக்கியும் பெற்ற முடிவுகள் இரண்டையும் தருதலும், இடைவெளியில் அமையும் ஊர்களின் தரவைத் திரட்டுதலும் முறையாகும். மாவட்டத் தரவில் மலையூர்களின் புள்ளிகள் எண்ணிக்கையில் சிலவே. அவற்றைப் பிழையென ஒதுக்கினால் கோடு செம்மையாகத் தோன்றலாம். ஆனால் அக்கோடு சமவெளியை மட்டுமே குறிக்கும், மாவட்டத்தை அன்று.