கடைசி விளக்கு வரை 12 வோல்ட்

தோட்டத்து வெளிச்சத்துக்கு 230 வோல்ட் தேவையில்லை. வீட்டுக்கு வரும் மின்சாரத்தை 12 அல்லது 24 வோல்ட்டாகக் குறைத்து, மண்ணுக்குள் ஒயர் பதித்து, நடைபாதை ஓரத்திலும் மரத்தடியிலும் படிக்கட்டிலும் சிறிய எல்இடி விளக்குகளை எரியவைக்கும் முறை இப்போது பரவலாகிவருகிறது. தேனி மாவட்டத்தில் சின்னமனூர், கம்பம், கூடலூர் பக்கத்துத் தோட்டத்து வீடுகளுக்கும், மலையடிவாரத்துத் தங்கும் விடுதிகளுக்கும் இது மிகவும் பொருந்தும். அதற்குக் காரணம் அந்த மண்ணிலேயே இருக்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்கள் பந்தல் தோட்டங்கள். வரிசையாகக் கல்தூண் நட்டு, அவற்றின் தலையில் குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் கம்பி இழுத்து, அதன்மேல் கொடியைப் படரவிடுகிறார்கள். இந்தக் கம்பிகள் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்தவை. பந்தலில் தொங்கும் 230 வோல்ட் ஒயரின் உறை ஓரிடத்தில் உரிந்து கம்பியைத் தொட்டால், அந்தப் பந்தல் முழுவதிலும் மின்சாரம் இருக்கும். கீழே சொட்டுநீரில் ஊறிய ஈர மண். அதில் வெறுங்காலுடன் நிற்பவர் கை உயர்த்திக் குலை பறிப்பார். ஈர உடம்பின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் உடலுக்குள் 230 மில்லிஆம்பியர் பாயும். 30 மில்லிஆம்பியருக்கு மேல் சில நொடிகள் நீடித்தாலே இதயத் துடிப்பு குலையக்கூடும். அதே உடம்பில் 12 வோல்ட் செலுத்தும் மின்னோட்டம் 12 மில்லிஆம்பியர்தான். நீச்சல் குளத்தின் நீருக்குள் வைக்கும் ஏசி விளக்குகளுக்குச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் விதி 12 வோல்ட்டை உச்சவரம்பாக வைத்திருப்பதும் இதனால்தான்.

விளக்கு சிறியது என்பதால் மின்னழுத்தமும் குறைவு என்று நினைப்பது ஆபத்தான தவறு. சித்திரைத் திருவிழாவில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலைச் சுற்றி மின்னும் சீரியல் விளக்குகளில் ஒரு பல்புக்குச் சில வோல்ட் மட்டுமே கிடைக்கிறது. ஆனால் பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரிணைப்பில் இருப்பதால், ஒயரின் ஒரு முனைக்கும் தரைக்கும் இடையே 230 வோல்ட் முழுதாக இருக்கிறது. திருவிழா முடிந்ததும் கழற்றிவிடும் அந்தச் சரத்தை வருடம் முழுக்க மாமரத்தில் சுற்றிவைப்பது கூடாது. பிளக்கில் நேரடியாகச் செருகும் எதையும் 230 வோல்ட்டாகவே கருத வேண்டும்.

மின்னழுத்தத்தைக் குறைக்கும் கருவிதான் இந்த அமைப்பின் இதயம். அது செப்புச் சுருள் டிரான்ஸ்ஃபார்மராக இருக்கலாம். கடைகளில் டிரைவர் அல்லது எஸ்எம்பிஎஸ் என்று கேட்டால் கிடைக்கும் மின்னணுக் கருவியாகவும் இருக்கலாம். எதுவானாலும் உள்ளே வரும் பக்கமும் வெளியே போகும் பக்கமும் ஒன்றையொன்று தொடாமல் முற்றிலும் பிரிந்திருக்க வேண்டும். ஒரே சுருளின் நடுவிலிருந்து இணைப்பு எடுத்து வோல்ட்டைக் குறைக்கும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் இதற்கு உதவாது. அதில் ஒரு இணைப்பு அறுந்தாலே 230 வோல்ட் தோட்டத்துக்குள் வந்துவிடும். பிரிக்கப்பட்ட 12 வோல்ட் பக்கத்தின் எந்த முனையையும் எர்த்தில் இணைக்கக் கூடாது. தரையோடு தொடர்பே இல்லாதிருப்பதுதான் அதன் பாதுகாப்பு.

பள்ளத்தாக்கின் கிராமப்புற மின்பாதைகளுக்கு எஸ்எம்பிஎஸ் பொருத்தமானது. தோப்புகளில் மோட்டார்கள் ஒருசேர ஓடும் நேரத்தில் பாதையின் கடைசி வீடுகளில் வோல்ட்டேஜ் இறங்கிவிடும். 230 வோல்ட் 190 ஆகக் குறைந்தால், சுருள் டிரான்ஸ்ஃபார்மர் தரும் 12 வோல்ட்டும் 10-க்குக் கீழே போய்விடும். எஸ்எம்பிஎஸ் அந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளித்து ஒரே அளவில் தரும். விளக்குகளின் மொத்த வாட்டைக் கூட்டி, அது கருவியின் திறனில் ஐந்தில் நான்கு பங்கைத் தாண்டாதபடி வாங்க வேண்டும். கருவியை மழையும் நேர்வெயிலும் படாத சுவரில், தரையிலிருந்து இடுப்பு உயரத்தில், காற்றோட்டமாகப் பொருத்துவது நல்லது. அதற்கு முன்னால், மின்னோட்டம் மிகுந்தால் துண்டிக்கும் எம்சிபி ஒன்றும், மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் இருந்தாக வேண்டும். இந்த 230 வோல்ட் பகுதியை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே செய்ய வேண்டும்.

பாதுகாப்புக்காக வோல்ட்டைக் குறைத்ததற்கு ஒரு விலை உண்டு. தோட்ட விளக்குகள் பலவும் அங்கேதான் சொதப்புகின்றன. லோயர்கேம்ப்பில் பெரியாற்று நீர் மலையிலிருந்து இரும்புக் குழாய்களில் இறங்கிச் சுழற்றித் தரும் மின்சாரம், ஊர்களுக்குப் புறப்படும் முன் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தப்படுகிறது. ஒரே அளவு மின்திறனைக் கொண்டுபோக வோல்ட் கூடினால் ஆம்பியர் குறையும்; ஆம்பியர் குறைந்தால் கம்பியில் வீணாவதும் குறையும். தோட்டத்தில் நடப்பது இதற்கு நேர்மாறானது. வோல்ட்டைக் குறைத்ததால் ஆம்பியர் ஏறுகிறது, வழியிலேயே மின்னழுத்தம் கரைகிறது. வாய்க்காலின் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேராததைப் போல, வரிசையின் கடைசி விளக்கு மங்கிக் கிடக்கும்.

கணக்கு எளியது. 5 வாட் விளக்குகள் பத்து. மொத்தம் 50 வாட். 12 வோல்ட்டில் இதற்குச் சுமார் 4.2 ஆம்பியர் வேண்டும். விளக்குகள் எல்லாம் 40 மீட்டர் தள்ளி இருப்பதாகக் கொள்வோம். போகவும் திரும்பவும் சேர்த்து மின்சாரம் 80 மீட்டர் கம்பியைக் கடக்கிறது. வீட்டு ஒயரிங்கில் பழக்கமான 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயரின் மின்தடை கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம். ஆக 80 மீட்டருக்கு ஏறத்தாழ 1 ஓம். வழியில் தொலைவது 4 வோல்ட். விளக்குக்குக் கிடைப்பது 8 வோல்ட்தான். 4 சதுர மில்லிமீட்டர் ஒயரைப் போட்டால் இழப்பு ஒன்றரை வோல்ட்டாகக் குறையும். விளக்குகள் வழி நெடுகப் பரவியிருந்தால் கடைசியில் தெரியும் இழப்பு இதில் கிட்டத்தட்டப் பாதி.

இதே 50 வாட்டை 24 வோல்ட்டில் அனுப்பினால் ஆம்பியர் பாதியாகும். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரிலேயே 2 வோல்ட்தான் இழப்பு. அதாவது 12 வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு போனது, இங்கே பன்னிரண்டில் ஒரு பங்காகிறது. வோல்ட் இரட்டிப்பானால் இழப்பின் விகிதம் நான்கில் ஒன்றாகும் என்பது விதி. ஆகவே வாசலை ஒட்டிய சிறு தோட்டத்துக்கு 12 வோல்ட் போதும். சாலையிலிருந்து வீடு வரை நீளும் தென்னந்தோப்புப் பாதைக்கு 24 வோல்ட்டைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம். விளக்குக்குச் செலவழிக்கும் பலர் ஒயரில் மிச்சம் பிடிக்கிறார்கள். அது தப்பான இடத்தில் செய்யும் சிக்கனம்.

ஒயர் போகும் விதத்தை மாற்றியும் இழப்பைக் குறைக்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து ஒரு தடித்த ஒயரை விளக்குகளின் நடுப்பகுதிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து இரு பக்கமும் பிரித்தால் இரண்டு கடைசிகளுக்கும் ஒரே அளவு தூரம் அமையும். விளக்கு வரிசை வீட்டைச் சுற்றி வருவதானால், ஒயரின் கடைசி முனையை மீண்டும் எஸ்எம்பிஎஸ்ஸிலேயே, பிளஸ்ஸை பிளஸ்ஸோடும் மைனஸை மைனஸோடும் சேர்த்து வளையமாக முடிக்கலாம். எல்லாம் இணைத்த பிறகு, விளக்குகள் எரியும்போதே கடைசி விளக்கில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். 12 வோல்ட் அமைப்பில் 11-க்கு மேல் காட்டினால் போதும்.

மண்ணுக்குள் போகும் ஒயருக்கு முதல் எதிரி மண்வெட்டி, அடுத்து எலி. ஒரு முழ ஆழத்தில் பள்ளம் வெட்டி, ஒயரைப் பிவிசி பைப்புக்குள்ளோ கருப்பு ஓஸுக்குள்ளோ விட்டுப் பதிக்க வேண்டும். பாத்தி கொத்தும் இடத்தையும் சொட்டுநீர்க் குழாயின் தடத்தையும் விட்டு விலகியே பள்ளம் போக வேண்டும். குழாய் பழுதுபார்க்கத் தோண்டும்போதுதான் ஒயர்கள் அதிகம் வெட்டுப்படும்.

இணைப்புகளில்தான் இன்னும் கவனம் வேண்டும். சொட்டுநீரோடு கலந்துவிடும் உரத்தின் உப்பு மண்ணின் ஈரத்தை நல்ல மின்கடத்தியாக்கிவிடுகிறது. எஸ்எம்பிஎஸ் தரும் டிசி மின்சாரத்தில் அந்த ஈரம் இணைப்புக்குள் புகுந்தால் மின்னாற்பகுப்பு தொடங்கும்; பிளஸ் முனையின் செம்பு பச்சை பூத்துக் கரைந்துபோகும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு மண்ணுக்குள் நெடுநாள் நிலைக்காது. முறுக்கியதைப் பற்றவைத்து, உட்புறம் பசை கொண்ட சுருங்கு குழாயைச் சூடேற்றி இறுக்குவதோ, ஜெல் நிரப்பிய நீர்புகா டப்பாவுக்குள் வைப்பதோதான் முறை. முடிந்தவரை இணைப்பையே மண்ணுக்கு மேல், தூணில் பொருத்திய பெட்டிக்குள் கொண்டுவந்துவிடலாம்.

குறைந்த வோல்ட் ஆளைக் கொல்லாது என்றாலும் தீப்பிடிக்க வைக்கும். 300 வாட் எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட்டில் 25 ஆம்பியர் தரும். மெல்லிய ஒயரில் ஷார்ட் ஆனால் காய்ந்த தென்னை மட்டை பற்றிக்கொள்ள அந்தச் சூடு போதும். எனவே தோட்டத்துக்குப் பிரியும் ஒவ்வொரு கிளைக்கும் தனி ஃபியூஸ் தேவை.

தூசும் நீரும் புகாத தன்மையைக் குறிப்பது ஐபி எண். விளக்கின் பெட்டியில் ஐபி 65 என்றிருந்தால் மழைச்சாரலைத் தாங்கும். ஐபி 67 சிறிது நேரம் நீரில் மூழ்கினாலும் தாங்கும். தரைக்குள் பதிப்பதற்கு 67, நீர்த்தொட்டிக்குள் வைப்பதற்கு 68. விளக்கின் நிறத்தைத் தேர்வதும் அழகு சார்ந்தது மட்டுமில்லை. வேளாண் துறை பரிந்துரைக்கும் விளக்குப் பொறி, அந்துப்பூச்சியை வெளிச்சத்தால் இழுத்துத் தண்ணீரில் விழவைக்கிறது. தோட்டத்தில் இரவெல்லாம் எரியும் நீலம் கலந்த வெள்ளை விளக்கு அதே பூச்சிகளை இழுத்து, தண்ணீருக்குப் பதில் பயிரின் மேல் விட்டுவைக்கிறது. பூச்சிக்குத் தவளையும் பல்லியும் வரும். அவற்றைத் தேடிப் பாம்பும் வரலாம். 2,700 கெல்வின் அல்லது அதற்கும் குறைவான மஞ்சள் ஒளி பூச்சிகளைக் குறைவாகவே ஈர்க்கும். மேகமலையடிவாரத்தில் இந்தக் கவனம் இன்னும் அதிகமாக வேண்டும். அந்த மலைகள் 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. காட்டைப் பார்த்து ஒளி வீசாமல், மூடியிட்டுத் தரையை மட்டும் நோக்கும் விளக்குகளே அங்கே பொருத்தமானவை. ஆட்கள் உறங்கியதும் டைமர் அவற்றை அணைத்துவிட வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் இடி மின்னலோடு தொடங்கும். மண்ணுக்குள் நீளும் ஒயர், அருகில் விழும் மின்னலின் தாக்கத்தை எஸ்எம்பிஎஸ் வரை கொண்டுவந்துவிடும் என்பதால் மின்னெழுச்சித் தடுப்பான் ஒன்று அவசியம். செப்டம்பரிலேயே பெட்டிகளைத் திறந்து இணைப்புகளைப் பார்த்து, ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அழுத்தி, கடைசி விளக்கின் வோல்ட்டை அளந்து பழைய அளவோடு ஒப்பிட வேண்டும். முன்பு 11.2 காட்டிய இடத்தில் இப்போது 10.4 காட்டினால் நடுவே ஒரு இணைப்பு அரித்துக்கொண்டிருக்கிறது; மழைக்கு முன்பே அதைத் தோண்டி எடுத்து மாற்றிவிடுங்கள்.