முறிக்காதே, அறுத்து எடு! – மரப் பட்டறைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு



நம் லயங்களில் இருந்து சாதாரண தரம், உயர்தரம் முடித்த பிள்ளைகள் பலர் இப்போது கொழுந்துக் கூடைக்கோ கவ்வாத்துக் கத்திக்கோ வருவதில்லை. கொழும்புப் பக்கம் தளபாடப் பட்டறைகளில் சேருகிறார்கள். அங்கே கம்பியூட்டர் சொல்கிறபடி பலகை வெட்டும் சி.என்.சி. ரவுட்டர் மெசின் இருக்கிறது. மெசின் வெட்டி முடித்த பிறகு கையால் செய்யவேண்டிய ஒரு சின்ன வேலை உண்டு. அந்தச் சின்ன வேலையில்தான் விரல் போகிறது. அதைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறோம்.

எங்கள் டிவிசன் பையன் ஒருவர் தீபாவளிக்கு லீவில் வந்தபோது இடது கையில் பெரிய கட்டோடு வந்தார். துண்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் உளியைத் தள்ளியிருக்கிறார். உளி வழுக்கி ஆள்காட்டி விரலின் நரம்பை வெட்டிவிட்டது. "நீதான் கவனமில்லாமல் செய்தாய்" என்று சொல்லி, பட்டறையில் ஒன்றும் எழுதி வைக்கவில்லையாம். அந்த விரல் இன்றுவரை முழுதாக மடங்குவதில்லை.

பிடிப்பு என்றால் என்ன?

இந்த மெசினில் கட்டர் நிமிடத்துக்கு 12,000 முதல் 24,000 சுற்று வரை சுழலும். பலகையில் இருந்து ஒரு துண்டைச் சுற்றிவர முழுதாக வெட்டிவிட்டால் அந்தத் துண்டு தளர்ந்துவிடும். தளர்ந்த துண்டு கட்டரில் மாட்டினால் பழுதாகும், தெறித்து ஆள் மேலும் அடிக்கும். அதனால் மூன்று நான்கு இடத்தில் அடிப்பக்கம் மட்டும் கொஞ்சம் வெட்டாமல் விடுவார்கள். சாதாரணமாக 2, 3 மில்லிமீட்டர் தடிப்பும் 6 முதல் 10 மில்லிமீட்டர் அகலமும் இருக்கும். பட்டறையில் இதை 'டெப்' என்பார்கள். நாங்கள் 'பிடிப்பு' என்று சொல்லுவோம். கடைசியில் இந்தப் பிடிப்புகளை எடுத்தால்தான் துண்டு தனியாக வரும்.

ஏன் முறிக்கக் கூடாது?

கவ்வாத்து வெட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தேயிலைக் கிளையைக் கையால் ஒடித்தால் தோல் கீழ்வரை உரிந்து போகும். கூரான கத்தியால் வெட்டினால் வாய் சுத்தமாக இருக்கும். மரப்பலகையும் அப்படித்தான். நார் ஓடுகிற திசையின் முனையில் இருக்கும் பிடிப்பை முறித்தால் நார் துண்டுக்குள்ளேயிருந்து சிலும்பாக உரிந்து வரும். பிளைவூட்டில் மேல் தோல் பிய்ந்து போகும். அத்தனை நேரம் வெட்டிய துண்டு வீண்.

எப்படி எடுப்பது?

1. முதலில் மெசினை நிறுத்துங்கள். கட்டர் சுற்றுவது முழுதாக நின்ற பிறகு, மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் கையை உள்ளே வைக்க வேண்டும்.

2. பலகையை இறக்கி மேசையில் தலைகீழாகப் புரட்டி வையுங்கள். அடியில் இருந்த பிடிப்பு இப்போது மேலே கண்ணுக்குத் தெரியும். பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கையால் பிடிக்க வேண்டாம்.

3. பிளைவூட் என்றால், துண்டின் ஓரத்தோடு பிடிப்பின் மேல் கத்தியால் ஒரு கோடு கீறுங்கள். தோல் பிய்யாது.

4. மெல்லிய பல்லுள்ள சின்ன வாளால் பிடிப்பை அறுங்கள். உளி என்றால் நேராக நிறுத்திக் கொட்டாப்புளியால் தட்டுங்கள். உளியின் தட்டைப் பக்கம் துண்டைப் பார்த்து இருக்கட்டும். துண்டின் பக்கம் 1 மில்லிமீட்டர் மிச்சம் விடுங்கள். உளியின் வாய்க்கு முன்னால் ஒருபோதும் கை இருக்கக் கூடாது.

5. கடைசிப் பிடிப்பை அறுக்கும்போது துண்டு கீழே தொங்காமல் அடியில் தாங்கு கொடுங்கள். தொங்கினால் பாரத்தில் தானாகவே முறியும்.

6. மிச்சக் குமிழை அரத்தாலோ, மரக்கட்டையில் சுற்றிய சேண்ட் பேப்பராலோ தேயுங்கள். 80 நம்பரில் தொடங்கி 120, 180 என்று போங்கள். பெரிய துண்டு என்றால் பெயாரிங் உள்ள டிரிம்மர் சீக்கிரம் முடிக்கும். உள்ளங்கை அளவு சின்னத் துண்டை டிரிம்மரில் கொடுக்கவே வேண்டாம், அது கையையும் சேர்த்து இழுத்துவிடும்.

எம்.டி.எப். பலகையின் தூசு மாவு போல நெஞ்சுக்குள் போகும். முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம்.

இணுவிலில் கண்டது

கை காயப்பட்ட அதே பையன் இப்போது யாழ்ப்பாணத்தில் இணுவில் பக்கம் ஒரு மரப் பட்டறையில் இருக்கிறார். தைப்பூசத்துக்குப் போனபோது அவரையும் பார்த்து வந்தோம். இணுவில் கந்தசுவாமி கோயிலின் உலகப் பெருமஞ்சம் தைப்பூசத்தன்று வீதிவலம் வருகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய சந்நியாசியாரின் முயற்சியால் செய்த மரவேலை அது. அதில் உள்ள சிற்பங்கள் எல்லாம் கம்பியூட்டர் இல்லாத காலத்துக் கைவேலை.

அந்தப் பட்டறையில் வயதான ஓடாவியார் ஒருவர் எங்கள் பையனுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "தம்பி, முறிக்காதையும், ஆறுதலா அரிஞ்சு எடும். உளி வேலையிலயும் மெல்லிய இடத்துக்குக் கொஞ்ச மரத்தைத் தாங்கலா விட்டிட்டுக் கடைசியிலதான் எடுக்கிறது" என்றார். மெசின் புதுசு, புத்தி பழசு என்று நினைத்துக்கொண்டோம்.

காயப்பட்டால்

சின்னக் காயம் என்று துணி சுற்றிக்கொண்டு இருக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து கட்டி, ஏற்பு ஊசி பற்றியும் கேளுங்கள். விரல் மடங்கவில்லை என்றால் அதையும் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மருத்துவத் துண்டைப் பத்திரமாக வையுங்கள். நடந்ததை அன்றே முதலாளிக்கு எழுத்தில் கொடுத்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்யும்போது வேலையால் வந்த காயத்துக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இடம் தருகிறது. அது தோட்டத்துக்கு மட்டும் உரியதல்ல, பட்டறைக்கும் உண்டு.

பெற்றோரே, பிள்ளை போன் எடுக்கும்போது "சாப்பிட்டியா" என்று கேட்கிறோம். "கிளாம்ப் போட்டுத்தானே அறுக்கிற?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். எழுத்து வேலைக்கு உதவி தேவை என்றால் நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள். நாங்கள் சேர்ந்து எழுதுவோம்.