அழுத்தியது போய்ச் சேர்ந்ததா? ரிமோட்டுக்குப் பின்னால் உள்ள மூன்று கேள்விகள்

ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் இரத்தினபுரி மாவட்டத்தின் நிவித்திகல பக்கம் பின்னேரம் வானம் கறுத்தால் இடி வரும் என்று தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பல லயத்து வீடுகளில் அந்த நேரம் ஒருவர் ரிமோட்டை எடுத்துச் சிவப்புப் பொத்தானை அழுத்துவார். திரை இருண்டதும் டிவி தப்பிவிட்டது என்ற நிம்மதி வரும்.

உண்மையில் டிவி தப்பவில்லை. அடுத்த முறை பொத்தானை அழுத்தும்போது எழுந்துகொள்ள வேண்டும் என்பதற்காக, டிவியின் ஒரு சிறு பகுதி கரண்ட் எடுத்தபடி விழித்தே இருக்கிறது. சுவர் பிளக்கும் டிஷ்ஷிலிருந்து இறங்கும் வயரும் முன்போலவே இணைந்திருக்கின்றன. மின்னல் பக்கத்தில் எங்காவது விழுந்தால் மிகை மின்னழுத்தம் உள்ளே வருவது இந்த இரண்டு வழிகளிலும்தான். வானம் கறுக்கும்போதே, அதாவது இடி நெருங்குவதற்கு முன்பே, பிளக்கையும் டிஷ் வயரையும் கழற்றி வைப்பதுதான் பாதுகாப்பு. இடி முழங்கத் தொடங்கிய பின் அந்த வயர்களில் கை வைக்கக் கூடாது.

ரிமோட் நேரடியாக எதையும் நிறுத்துவதில்லை, எதையும் இயக்குவதுமில்லை. அது ஒரு செய்தியை அனுப்புகிறது, அவ்வளவுதான். அந்தச் செய்தி போய்ச் சேருமா? சேர்ந்தது என்று அனுப்பியவருக்குத் தெரியுமா? சேராவிட்டால் அந்தப் பக்கம் இருக்கும் இயந்திரம் என்ன செய்யும்? டிவி ரிமோட்டிலிருந்து ட்ரோன் வரை நல்லதையும் மோசமானதையும் பிரித்துக் காட்டுபவை இந்த மூன்று கேள்விகள்தான்.

கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்

தூரத்திலிருந்து ஒரு பொருளை வயரில்லாமல் இயக்கிக் காட்டியவர்களில் முதன்மையானவர் நிக்கோலா டெஸ்லா. 1898இல் நியூயோர்க்கின் மெடிசன் ஸ்குவெயார் கார்டனில், தண்ணீர்த் தொட்டியில் மிதந்த சிறு படகை வானொலி அலைகளால் திருப்பிக் காட்டினார். அந்த ஆண்டு நவம்பரில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

வீட்டுக்குள் ரிமோட் வர மேலும் அரை நூற்றாண்டு ஆனது. அமெரிக்காவின் செனித் நிறுவனம் 1950இல் விற்ற முதல் ரிமோட்டில் டிவி வரை நீளும் வயர் இருந்தது. அது காலில் தடுக்கியதால், 1955இல் அதே நிறுவனத்தின் யூஜின் பொலி ஒளிக்கற்றையால் இயங்கும் ரிமோட் ஒன்றைச் செய்தார். டிவியின் நான்கு மூலைகளிலும் ஒளியை உணரும் கண்கள் இருந்தன. ஆனால் ஜன்னல் வழியாக வெயில் பட்டாலும் டிவி அதைக் கட்டளை என்று எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு ரொபர்ட் அட்லர் வேறு வழி கண்டார். பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தியல் அலுமினியக் கம்பியைத் தட்டும். மனிதக் காதுக்குக் கேட்காத அந்த ஓசை டிவிக்குக் கேட்கும். அந்த ரிமோட்டுக்குப் பெட்டரியே தேவைப்படவில்லை.

இப்போது நம் கையில் இருப்பது மீண்டும் ஒளிதான், ஆனால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. அதன் அலைநீளம் பெரும்பாலும் 940 நனோமீற்றர் அளவில் இருக்கும். பொலியைத் தோற்கடித்த வெயில் இதை ஏன் அவ்வளவாகக் குழப்புவதில்லை? ரிமோட்டின் முனையில் உள்ள சிறு எல்.ஈ.டி. வினாடிக்கு ஏறத்தாழ 38,000 தடவை சிமிட்டுகிறது. டிவியில் உள்ள வாங்கி அந்த வேகத்தில் சிமிட்டும் ஒளிக்கு மட்டுமே செவி கொடுக்கும். திருவிழா இரைச்சலிலும் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் திரும்பிப் பார்ப்பவரைப் போல, சிமிட்டாத வெயிலை அது கணக்கில் எடுப்பதில்லை.

இந்தச் சிமிட்டலைத் தொடுத்தும் விடுத்தும் கட்டளை எழுதப்படுகிறது. பரவலாகப் பயன்படும் என்.ஈ.சி. முறையில் ஒரு கட்டளைக்கு 32 பிட்டுகள். எந்தக் கருவிக்கு என்ற முகவரி முதலில் வரும், என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளை பிறகு வரும். இரண்டும் ஒருமுறை நேராகவும் ஒருமுறை தலைகீழாகவும் அனுப்பப்படுகின்றன. நேரும் தலைகீழும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் டிவி அந்தச் செய்தியைத் தள்ளிவிடும். ஒரு வீட்டு ரிமோட் இன்னொரு கம்பனி டிவியை அசைக்காததற்கு முகவரி காரணம். அரைகுறையாய்ப் போன செய்தியால் தப்பான சேனல் வராததற்கு அந்தத் தலைகீழ்ப் பிரதி காரணம்.

ரிமோட் பழுதா, டிவி பழுதா என்று பார்க்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை. போன் கெமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையைக் காட்டி, ஒரு பொத்தானை அழுத்துங்கள். திரையில் வெள்ளையாகவோ ஊதாவாகவோ மினுங்கினால் ரிமோட் செய்தி அனுப்புகிறது என்று பொருள். பின் கெமராவில் தெரியாவிட்டால் முன் கெமராவில் பாருங்கள். பல போன்களின் பின் கெமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இருக்கும். எதிலுமே மினுங்காவிட்டால் முதலில் பெட்டரியைப் பாருங்கள், அடுத்து பெட்டரி தொடும் ஸ்பிரிங்கில் பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இரத்தினபுரி மாவட்டத்தின் ஈரக்காற்றுக்கு இது சாதாரணம்.

பொழுதுபோக்காக இலத்திரனியல் பழகும் பிள்ளைகளுக்கும் இங்கிருந்து தொடங்குவது நல்லது. ஆர்டுயினோ என்ற சிறு பலகையில் அகச்சிவப்பு வாங்கி ஒன்றைப் பொருத்தினால், வீட்டு ரிமோட்டின் ஒவ்வொரு பொத்தானும் என்ன எண்ணை அனுப்புகிறது என்று கணினியில் படிக்கலாம். அதே எண்ணைக் கொண்டு மேசை விளக்கு ஒன்றைப் போட்டு அணைக்கலாம். முதல் பயிற்சிக்கு 230 வோல்ட் பக்கம் போகாமல் பெட்டரியில் எரியும் விளக்கையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சுவரைத் தாண்டும் அலை

அகச்சிவப்பு சுவரைத் தாண்டாது. ஆகவே ஓட்டோ அலாரம், கேட், விளையாட்டுக் கார் எல்லாம் வானொலி அலையில் இயங்குகின்றன. பழைய விளையாட்டுக் கார்கள் பல 27 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஓடின. ஒரே அலைவரிசைக் கார் இரண்டு வீட்டுப் பிள்ளைகளிடம் இருந்தால், ஒருவர் முன்னே விட மற்றவருடைய காரும் முன்னே போகும். இப்போது வரும் 2.4 கிகாஹேர்ட்ஸ் கருவிகளில் ரிமோட்டும் வாங்கியும் முதலிலேயே ஜோடி சேர்ந்துகொள்வதால் அந்தச் சண்டை இல்லை. ஆனால் தூரம் போக இந்த அலைக்கு நேர்ப்பார்வை வேண்டும். ஈர இலைகளும் மலைமுகடும் அதை மங்கவைக்கும். சமவெளியில் நன்றாக ஓடிய கருவி, மழை பெய்து ஓய்ந்த றப்பர் மலையில் தடுமாறுவது இதனால்தான்.

வாகன, கேட் ரிமோட்டுகளில் இன்னொரு கவலை உண்டு. தினமும் ஒரே எண்ணை அனுப்பும் மலிவு ரிமோட்டின் அலையை யாராவது பதிவுசெய்து திரும்ப அனுப்பினால் கேட் திறந்துவிடும். அதைத் தடுக்கவே ஒவ்வொரு அழுத்தலுக்கும் எண் மாறும் முறை வந்தது. ஒருமுறை பயன்பட்ட எண் அடுத்த முறை செல்லாது. புதிதாக அலாரம் பூட்டும்போது எண் மாறும் ரிமோட்டா என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பதில் சொல்லும் கருவி

டிவி ரிமோட் ஒருவழிப் பேச்சு. செய்தி சேர்ந்ததா என்று ரிமோட்டுக்குத் தெரியாது, பார்க்கிற நமக்குத்தான் தெரியும். இயக்கும் பொருள் கண்ணுக்கெட்டாத இடத்தில் இருந்தால்?

இதற்கு ஒரு நல்ல விடை இந்திய விவசாயிகளுக்குக் கிடைத்திருக்கிறது. கிணற்று மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் பல இடங்களில் குறிப்பிட்ட மணிநேரம்தான் வரும், சில நாள் நடுச்சாமத்தில் வரும். ஒரு சுவிட்சைப் போட இருட்டில் பாம்புக்குப் பயந்து வரப்பில் நடக்க வேண்டும். புனேயைச் சேர்ந்த சந்தோஷ் ஓஸ்த்வால் என்ற பொறியியலாளர், போனில் அழைத்து மோட்டாரைப் போடும் ‘நானோ கணேஷ்’ கருவியை உருவாக்கினார். தமிழ்நாட்டில் போன் வழி இயங்கும் பம்புசெட் கருவிகளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் கொடுக்கிறது.

இந்தக் கருவிகளின் உயிர்நாடி மோட்டாரைப் போடுவதைவிடப் பதில் சொல்வதில் இருக்கிறது. மோட்டார் ஓடுகிறதா, மூன்று முனையில் ஒன்று போய்விட்டதா, கிணற்றில் தண்ணீர் வற்றி மோட்டார் வெறுமனே சுற்றுகிறதா என்று கருவி திரும்பிச் சொல்ல வேண்டும். பதில் சொல்லாத கருவியை நம்பினால், வீட்டில் நிம்மதியாகத் தூங்கும்போதே மோட்டார் எரிந்துவிடலாம். போன் வழி இயங்கும் விளக்கு, கெமரா, பிளக் எது வாங்கினாலும் இதையே பார்க்க வேண்டும்.

தொடர்பு அறுந்தால்

மூன்றாவது கேள்விக்கு ட்ரோன்தான் கடுமையான பரீட்சை. விளையாட்டுக் காரின் தொடர்பு அறுந்தால் அது நின்றுவிடும். வானத்தில் பறப்பது அப்படி நிற்க முடியாது. ஆகவே நல்ல ட்ரோன்களில், தொடர்பு போனால் குறித்த உயரத்துக்கு ஏறி, புறப்பட்ட இடத்துக்குத் தானே திரும்பும் ஏற்பாடு இருக்கிறது.

மலைநாட்டில் இதில் ஒரு பொறி உண்டு. பெரும்பாலான ட்ரோன்கள் காட்டும் உயரம் புறப்பட்ட இடத்திலிருந்து கணக்கிட்ட உயரம், கீழே உள்ள நிலத்திலிருந்து அல்ல. பள்ளத்தில் உள்ள கோயில் முற்றத்திலிருந்து தேர்த் திருவிழாவைப் படம் எடுக்க ஏற்றிய ட்ரோன், 30 மீற்றர் உயரத்தில் திரும்பும்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடையில் 40 மீற்றர் மேடு இருந்தால் அது மேட்டில்தான் மோதும். சுற்றியுள்ள மிக உயரமான முகட்டையும் மரத்தையும் கணக்கிட்டு, அதற்கும் மேலே திரும்பும் உயரத்தை அமைக்க வேண்டும்.

அனுமதியும் அவசியம். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின், ஏப்ரல் 25ஆம் திகதி சிவில் விமான சேவைகள் அதிகார சபை நாடு முழுவதும் ட்ரோன்களைத் தடைசெய்தது. பின்னர் தடை தளர்ந்தாலும் பதிவும் அனுமதியும் தொடர்கின்றன. வாங்குவதற்கு முன்பே அந்தச் சபையிடம் நடைமுறையை விசாரித்துக்கொள்வது நல்லது.

பொழுதுபோக்காகத் தொடங்குவது எங்கே போய் முடியும் என்பதற்குச் சென்னையில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ரிமோட் விமானங்களில் ஆர்வம் கொண்ட நடிகர் அஜித்குமார், குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் ‘தக்‌ஷா’ குழுவுக்கு ஆலோசகரானார். 2018இல் ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் அக்குழு இரண்டாம் இடம் பெற்றது.

தூரம் கூடக்கூட இயந்திரத்துக்குச் சொந்த அறிவு அதிகம் வேண்டும். நிலவுக்குச் செய்தி போகவே ஒரு வினாடிக்கு மேல் ஆகிறது, பதில் திரும்ப இன்னொரு வினாடி. 2023 ஓகஸ்ட் 23ஆம் திகதி சந்திரயான்–3இன் விக்ரம் கலம் நிலவில் இறங்கியபோது, கடைசிக் கட்டத்தை பெங்களூரிலிருந்து யாரும் ஓட்டவில்லை. விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த அந்தக் கலம், தன் கெமராவையும் உணரிகளையும் நம்பித் தானே இறங்கியது.

மலை அனுப்பும் செய்தி

நிவித்திகலவில் தொலைவிலிருந்து வரும் செய்திகளில் மிக முக்கியமானது டிவிக்கும் ட்ரோனுக்கும் சம்பந்தமில்லாதது. மழை பலத்தால் மண்சரிவு எச்சரிக்கைப் பட்டியலில் அடிக்கடி இடம்பெறும் பிரதேச செயலகப் பிரிவுகளில் நிவித்திகலவும் ஒன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலைப் பிரதேசங்களில் வைத்திருக்கும் தானியங்கி மழைமானிகள், பெய்த மழையை அளந்து, ஆள் போய்ப் பார்க்காமலே கொழும்புக்கு அனுப்புகின்றன.

அந்த நிறுவனத்தின் கணக்கு எளியது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் கிளம்பத் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ, வீட்டை விட்டு வெளியேற வேண்டும். இங்கே திசை மாறிவிடுகிறது. செய்தி அனுப்புவது இயந்திரம், கேட்டு நடக்க வேண்டியது மனிதர்.

அந்த மூன்று கேள்விகளும் இதற்கும் பொருந்தும். கடும் மழையில் கரண்ட் போகும், போன் கோபுரமும் ஓயும், எச்சரிக்கைக் குறுஞ்செய்தி வராமலே போகலாம். நேரான சுவருள்ள ஒரு டின்னை மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வைத்து, காலையில் காலிசெய்து, அதன்பின் சேர்ந்ததை அடிமட்டத்தால் அளந்தால் மழையின் ஆழம் தெரிந்துவிடும். அது 150 மில்லிமீற்றரைத் தொட்டும் யாரும் எதுவும் அறிவிக்கவில்லை என்றால், ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைக்க முயலுங்கள். இணைப்புக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கிளம்புங்கள்.