கருநிற மோட்டார் வண்டியைச் சிறிதளவு நீரில் கழுவும் முறை

மேற்கு ராஜஸ்தானத்தில் கோடைக் காலத்தில் வீசும் புழுதிப் புயலை அப்பகுதி மக்கள் ‘ஆந்தி’ என்பர். பார்மேர், ஜெய்சல்மேர் மாவட்டங்களில் களப்பணிக்குச் செல்லும் வண்டி, காலையில் எந்த நிறத்தில் புறப்பட்டாலும், மாலையில் மணல் நிறத்திலேயே திரும்பும். ஜெய்சல்மேரில் பெய்யும் மழையின் ஆண்டுச் சராசரி மிகக் குறைவு. ‘டாங்கா’ எனப்படும் நிலத்தடித் தொட்டிகளில் மழைநீரைச் சேமித்துக் குடிநீராகப் பயன்படுத்தும் வழக்கம் அங்குள்ள சிற்றூர்களில் உண்டு. அத்தகைய ஊரில் ரப்பர்க் குழாயைப் பிடித்து வண்டியைக் குளிப்பாட்டுவது எத்துணைப் பொருத்தமற்றது என்பதை விளக்க வேண்டுவதில்லை. பெருநகரங்களும் இதற்கு விலக்கல்ல. 2024 மார்ச்சு மாதத்தில் பெங்களூர்க் குடிநீர் வாரியம் வாகனங்களைக் குடிநீரால் கழுவுவதைத் தடை செய்து, மீறுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது.

ஆயினும், நீர் இல்லை என்பதற்காக வறண்ட துணியாலோ இறகுத் துடைப்பத்தாலோ வண்டியைத் துடைப்போமாயின் வேறொரு தீங்கு விளைகிறது. சில மாதங்களில் வண்டியின் மேற்பரப்பெங்கும் மெல்லிய கீறல்கள் பின்னிக்கொள்கின்றன. கறுப்பு, கருநீலம், கரும்பச்சை ஆகிய நிறங்களில் இவை கண்ணை உறுத்தும் அளவுக்குத் தெரிகின்றன. நீரையும் மிச்சப்படுத்தி, பூச்சையும் காக்க இயலுமா? புழுதியின் இயல்பை அறிந்து செயற்பட்டால் இயலும்.

இக்காலத்து வண்டிகளில் வண்ணப்பூச்சின் மீது நிறமற்ற, ஒளி ஊடுருவும் மேற்பூச்சு ஒன்று தடவப்பட்டிருக்கிறது. வண்டியின் பளபளப்பு இதனாலேயே உண்டாகிறது. இதன் கனம் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. தலைமயிர் பெரும்பாலும் இதனினும் தடித்தது. இம்மேற்பூச்சு ஒருவகைப் பிளாஸ்டிக் பொருளே. புழுதியிலோ குவார்ட்சு என்னும் படிகக்கல்லின் துகள்கள் மிகுதியாக உள்ளன. ஜெர்மானியக் கனிம விஞ்ஞானி பிரெடரிக் மோஸ் 1812-இல் வகுத்த கடினத்தன்மை அளவுகோலில் குவார்ட்சின் எண் 7. சாளரக் கண்ணாடியின் எண் சுமார் 5½. கண்ணாடியையே கீறவல்ல துகள், பிளாஸ்டிக் படலத்தைக் கீறுவதில் வியப்பில்லை. எனவே வண்டியைக் கீறுவது துணியன்று. துணிக்கும் பூச்சுக்கும் இடையே அகப்பட்டுக்கொண்டு, கையின் அழுத்தத்தால் இழுத்துச் செல்லப்படும் மணலே.

வெள்ளை வண்டி கீறலுக்கு ஆளாவதில்லை என்று பலரும் கருதுவர். அது தவறு. இரண்டிலும் கீறல்கள் சமமாகவே விழுகின்றன. வெண்மையான பூச்சு தன் மீது விழும் ஒளியின் பெரும்பகுதியை எல்லாத் திசைகளிலும் சிதறச் செய்கிறது. அந்த வெளிச்சத்தில் கீறல் சிதறும் சிறிதளவு ஒளி மறைந்துவிடுகிறது. பகற்பொழுதிலும் விண்மீன்கள் வானில் இருந்தும் நம் கண்ணுக்குப் புலப்படாமை போன்றதே இது. கருநிறப் பூச்சு ஒளியை விழுங்கிவிடுவதால், கீறலிலிருந்து சிதறும் ஒளி இரவு வானத்து விண்மீன் போலத் தனித்துத் தெரிகிறது.

வெயிலில் நிற்கும் கறுப்பு வண்டியில், சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போன்ற வட்டங்கள் காணப்படும். வட்டமாகத் தேய்த்ததால்தான் இவ்வாறு ஆயிற்று என்பது முழு உண்மையன்று. கீறல்கள் எல்லாத் திசைகளிலும் தாறுமாறாக ஓடினும், அவற்றுள் ஒளியின் பிம்பத்தைச் சுற்றி வளைந்தாற்போல் அமைந்தவை மட்டுமே ஒளியை நம் கண்ணுக்கு அனுப்புகின்றன; ஏனையவை வேறு திசையில் அனுப்புகின்றன. நெடுநாள் துலக்கிய எவர்சில்வர்த் தட்டொன்றையும் ஒரு கைவிளக்கையும் கொண்டு ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். விளக்கை நகர்த்தினால் வட்டங்களும் உடன் நகரும். கீறல்கள் நகர்வதில்லை என்பதை மாணவர் அறிவராதலால், ‘பின் நகர்வது எது?’ என்ற வினா தானே எழும்.

இனி, குறைந்த நீர் எங்ஙனம் போதுமானதாகிறது என்பதைக் காண்போம். துகள் ஒன்று பரப்பின்மீது ஒட்டிக்கொள்ளும் விசை அதன் விட்டத்திற்கு ஏற்ப அமைகிறது. அதன் எடையோ விட்டத்தின் முப்படிக்கு ஏற்ப அமைகிறது. விட்டம் பாதியானால் ஒட்டும் விசை பாதியாகும். எடை எட்டில் ஒரு பங்காகும். ஆகவே பருமணல் எளிதில் உதிர்ந்துவிடும்; நுண்தூசி விடாது பற்றிக்கொள்ளும். ஒரு கண்ணாடித் துண்டின்மீது சிறிது மணலையும் முகப்பவுடரையும் தூவிச் சாய்த்தால் இவ்வுண்மை விளங்கும். மணல் சரிந்துவிடும், பவுடர் தங்கிவிடும்.

இதில் நமக்கு ஓர் அனுகூலம் உள்ளது. ஆழமாகக் கீறும் பருமணலே எளிதில் போகக்கூடியது. அதனை முதலில், எதுவும் தொடாமல், நீரைத் தெளித்தே இறக்கிவிடலாம். எஞ்சிய நுண்தூசிக்குத் துணி தேவைப்படும். ஆனால் அது இழைக்கும் தீங்கு குறைவு. பெருமளவு நீரைக் கொட்டினும், இந்த வரிசையைப் பின்பற்றாவிடில் பயனில்லை.

வேலையை நிழலில், வண்டியின் தகடு குளிர்ந்திருக்கும் காலை வேளையில் தொடங்குதல் வேண்டும். கருநிறம் வெப்பத்தை மிகுதியாக ஈர்ப்பதால், சூடான தகட்டில் தெளித்த நீர் உடனே உலர்ந்து, அதிலுள்ள உப்புக்கள் வெண்புள்ளிகளாகப் படிந்துவிடும். பாலைநிலக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினநீராதலால் இத்தொல்லை அங்கு அதிகம். சேகரித்த மழைநீர் போதிய அளவு இருந்து, அது குடிப்பதற்குத் தேவைப்படாததாயின், அதுவே சிறந்தது.

அழுத்தப் பம்பு பொருந்திய கைத்தெளிப்பான் ஒன்றில் 3 லிட்டர் நீரும், வாளியில் 6 லிட்டர் நீரும் போதும். பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ தெளித்த கருவியை இதற்குப் பயன்படுத்தலாகாது. களப்பணியாளர் இதை மறவாதிருப்பது நலம். இரண்டிலும் வண்டிகளுக்குரிய ஷாம்புவைச் சிறிதளவு கலக்கவேண்டும். ஷாம்பு அழுக்கை நீக்குவதோடு, துகளுக்கும் பூச்சுக்கும் இடையே வழுக்கும் படலமாகவும் அமைகிறது. சலவைச் சோடா கூடாது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து மினுக்கும் பழக்கம் சில ஓட்டுநர்களிடம் உண்டு. அம்மினுக்கம் ஒரு நாழிகை நிற்கலாம், பின்னர் அவ்வெண்ணெய்ப் படலமே புழுதியை அழைத்து உட்காரவைக்கும்.

கூரையிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கித் தெளித்து, சில நிமிடம் ஊறவிட்டு, நீர் வழிந்த பின் மீண்டும் ஒருமுறை தெளிக்கவேண்டும். அதன்பின்பே துணி. பனியன் வேஸ்ட் இதற்கு உதவாது. அதன் தையல்களில் மணல் தங்கும். பாலியெஸ்டர், நைலான் இழைகளைப் பிளந்து செய்யப்படும் மைக்ரோபைபர்த் துணியின் நுண்ணிய இழைகள் தூசியைத் தம்முள் வாங்கிக்கொள்கின்றன. ஒரு துணியை இருமுறை மடித்தால் எட்டு முகங்கள் கிடைக்கும். வாளியில் நனைத்து, அழுத்தாமல், துணியின் பாரமே போதும் என்னும்படி, நேர்கோட்டில் ஒருமுறை இழுத்து, அடுத்த இழுப்புக்கு முகத்தை மாற்றவேண்டும். எட்டு முகங்களும் தீர்ந்தால் துணியை ஒதுக்கி வேறொன்றை எடுக்கவேண்டுமேயன்றி, அதனை மீண்டும் வாளியில் தோய்க்கலாகாது. தோய்த்தால், இறக்கிய மணலை நீரோடு சேர்த்து மறுபடியும் வண்டிக்கே கொடுப்பதாகும். தெருவெங்கும் ஒரே வாளி, ஒரே துணி கொண்டு பத்து வண்டிகளைத் துடைப்பவர்கள் அன்றாடம் செய்வது இதுவே. வண்டிக்கு உரியவர் துணிகளைத் தாமே கொடுப்பது நல்லது. எட்டுப் பத்துத் துணிகள் இருந்தால் ஒரு ஜீப்புக்குப் போதும்.

சக்கரங்களுக்கு மேலுள்ள பகுதியும் கதவுகளின் அடிப்பகுதியும் கடைசியில், தனித் துணியால் துடைக்கத்தக்கவை. முடிவில் தூய நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறை துடைத்து, உலர்ந்த துணியைப் பரப்பி ஒற்றி எடுக்கவேண்டும். தரையில் விழுந்த துணியை, எவ்வளவு உதறினாலும், அன்று மீண்டும் பயன்படுத்தலாகாது. குழாய் முறையோடு ஒப்பிட விரும்புவோர், 15 லிட்டர் வாளி ஒன்று தம் குழாயில் நிரம்ப எடுக்கும் நேரத்தைக் கணக்கிடலாம். ஒரு நிமிடத்தில் நிரம்பினால், இருபது நிமிடக் கழுவலுக்கு 300 லிட்டர் ஆகும்.

இம்முறை புழுதிக்கு ஏற்றது. காய்ந்த சேற்றுக்கு ஏற்றதன்று. சேறு திரண்டிருக்கும் இடத்தில் ஈரத்துணியைக் கால்மணி நேரம் போர்த்திவைத்து, இளகியபின் நீர் ஊற்றி இறக்கவேண்டும். அங்கு நீரில் சிக்கனம் பார்ப்பது பூச்சுக்குக் கேடு. பறவை எச்சத்திற்கும் ஈரத்துணியே மருந்து, நகத்தால் சுரண்டலாகாது. பயன்படுத்திய துணிகளைப் பிற துணிகளோடு சேர்க்காமல் தனியே துவைத்து, புழுதி படாத பையொன்றில் கட்டி வண்டியிலேயே வைத்துக்கொள்ளலாம்.